எதிர்பார்த்து நிற்பவர்கள்

நோயாளியைப் பார்க்கப் போவதற்கு நம்மவரிடையே நெடுங்காலமாக ஒரு முறை இருந்து வருகிறது. வெறுங்கையுடன் போகலாகாது. ஒரு போத்தல் ஹோர்லிக்ஸ், நாலைந்து தோடம்பழம், வசதியுள்ளவராயின் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் கொண்டு செல்ல வேண்டும். கட்டிலருகே இடப்பட்ட கதிரையில் அமர்ந்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "இப்ப எப்பிடி?" என்று வினவ வேண்டும். "பரவாயில்லை" என்று விடை வரும். பின்னர், தமக்குத் தெரிந்த வேறொருவருக்கு இதே நோய் வந்த கதையைத் தொடங்கி, அக்கதையின் முடிவு சொல்லத்தக்கதன்று என்பது பாதி வழியில் நினைவுக்கு வர, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போக வேண்டும்.

இம்முறையை இகழ்வதற்காக நாம் இதனைக் கூறவில்லை. தோடம்பழத்தை உரித்துத் தந்த கைகளின் அன்பை நாம் நன்கறிவோம். ஆயினும், பார்க்க வருபவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கட்டிலிற் கிடப்பவர் பார்க்கப்படுகிறவராகவே எஞ்சுவார். சிகிச்சை முடிந்து எழுந்த முதியவருக்கு வேண்டியிருப்பது வேறோர் உறவு. அவரை எதிர்பார்த்து ஓரிடத்தில் யாரேனும் நிற்க வேண்டும். அவர் வராத நாளில் அங்கே ஒரு குறை தோன்ற வேண்டும். அனுபவத்தில் நாம் கண்ட இவ்வுண்மையை வாசகர் முன் வைக்க விழைகிறோம்.

"நாம்" என்று இங்கே பேசுவோர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முதியவர் எண்மர். எம்மில் இளையவருக்கு வயது 61; மூத்தவருக்கு 78. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் மூவர். பெருங்குடற் புற்றுநோயிலிருந்து மீண்டவர் இருவர். வாய், கருப்பை, புரொஸ்ரேற் சுரப்பி ஆகியவற்றில் நோய் கண்டு தேறியவர் ஒவ்வொருவர். ஓய்வுபெற்ற தபாலதிபர், ரீச்சர், கமக்காரர், வங்கி லிகிதர் எனப் பலதரப்பட்டவர்கள். பேனை பிடித்தவர் ஒருவரேயாயினும், ஏனையோர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதே இக்கட்டுரை.

மருந்து முடிந்த மறுநாள்

சிகிச்சை நடைபெறுங்காலத்தில் நோயாளிக்கு நாட்காட்டி முழுவதும் வேலை நிறைந்திருக்கும். இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள். மருந்தேற்றுவதற்கு ஒரு நாள். கதிர்ச் சிகிச்சையெனில் வாரத்தில் ஐந்து நாள். தாதியர் பெயர் சொல்லி அழைப்பர். வாங்கில் அருகே இருப்பவர் தமது கதையைச் சொல்வார். துன்பமான காலமே, ஆயினும் தனிமையான காலமன்று.

ஒருநாள் வைத்தியர், "இனி ஆறு மாதத்துக்குப் பிறகு வாருங்கள்" என்கிறார். வீட்டார் மகிழ்கின்றனர். கோயிலில் நேர்த்திக்கடன் நிறைவேறுகிறது. மறுநாட் காலை எழுந்தால் போவதற்கு ஓரிடமும் இல்லை. மருமகள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொள்கிறாள். ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, ஒண்டும் செய்யாதையுங்கோ, றெஸ்ற் எடுங்கோ" என்கிறான். அன்பினாற் கூறப்படும் சொற்களே இவை. அச்சொற்களுக்குப் பணிந்து நாமும் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்தோம். எம்மிற் சிலர் அதில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தனர்.

முதியவரின் உடலுக்கு அந்த ஓய்வு செய்யும் கேடு சிறிதன்று. சராசரி 67 வயதுடைய, நோயெதுவுமற்ற முதியவர் சிலரை 10 நாட்கள் தொடர்ந்து படுக்கையில் இருக்கச் செய்து அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2007இல் அதன் முடிவு வெளிவந்தது. அந்தப் பத்து நாட்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மாத்திரம் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் தசை கரைந்திருந்தது. சுகதேகிக்கே இந்நிலையெனில், மருந்தினால் மெலிந்தவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோய் மருந்துகளுட் சில பாத நரம்புகளையும் மரக்கச் செய்வன. கால் வலுவும் குறைந்து, தரை தட்டுப்படும் உணர்வும் குறைந்தால், முற்றத்துப் படியே விழுத்தும் பொறியாகிவிடும்.

உடல் மெலிவதோடு உறவும் மெலிகிறது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகின்றனர் என்றும், அது உடல்நலத்தையே கெடுக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025இல் அறிவித்தது. நம்மூரில் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே இந்நோய்க்குப் பெயர் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பர். வீட்டில் கலியாணப் பேச்சு நடக்குமாயின் அதுவும் சொல்லப்படமாட்டாது. நோய் வந்தவர் மெல்ல மெல்லச் சபைகளிலிருந்து ஒதுங்குவார். மறைப்பதே அவருக்கு ஒரு தொழிலாகிவிடும்.

எமது கூட்டம் தோன்றியது ஒரு கிளினிக் வாங்கில். ஒரே திகதியில் வந்திருந்த மூவர் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ட இளம் இயன்மருத்துவர் ஒருவர், "நடவுங்கோ, ஆனால் தனியத் தனிய நடக்காதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூவரும் அடுத்த திங்கட்கிழமை பண்ணைக் கடற்கரையில் கூடினர். ஒரு வருடத்தில் மூவர் ஒன்பதின்மராயினோம்.

வான்கூவரில் ஒரு வள்ளம்

எமது கூட்டத்திலுள்ள ரீச்சர் இடப்பக்க மார்பகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டிருந்தன. அக்கணுக்கள் போய்விட்டால் கையிலுள்ள நிணநீர் வடிந்து செல்லும் வழி குறுகிவிடும். அதனாற் சிலருக்குக் கை வீங்கிப் பாரமாகும். அந்த வீக்கத்துக்கு அஞ்சி, ஐந்து ஆண்டுகள் அவர் இடக்கையால் ஒரு கேத்திலைத்தானும் தூக்கவில்லை. நடக்க வருவார், கையை மாத்திரம் நெஞ்சோடு அணைத்து, கூடொடிந்த குருவியின் சிறகைப் போல வைத்திருப்பார்.

இதனை அறிந்த அவருடைய மகள், கனடாவிலிருந்து ஒரு செய்தியைத் தாய்க்கு எழுதினாள். அதனை நாம் யாவரும் கூடியிருந்து வாசித்தோம். பின்னர் மேலும் தேடி அறிந்துகொண்டோம். அது வருமாறு:

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் கைகளுக்கும் தோள்களுக்கும் கடும் வேலை கொடுத்தலாகாது என்பது 1990களின் நடுப்பகுதிவரை பரவலாக வழங்கிய மருத்துவ அறிவுரை. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் டொன் மக்கென்சி, அவ்வறிவுரைக்குத் தக்க சான்று உண்டா என்று ஐயுற்றார். சான்று இல்லையெனில் பெண்கள் வீணே அஞ்சி வாழ்கின்றனர் அல்லவா? ஆதலின் 1996இல், வான்கூவர் நகரில், இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களை அவர் ஒன்று சேர்த்தார். கைக்கு மிகக் கடினமான தொழிலையே அவர்களுக்குத் தேர்ந்தார்: சீனரின் மரபில் வந்த டிராகன் வள்ளத்தில் துடுப்பு வலித்தல்.

அவ்வள்ளம் நீண்டு ஒடுங்கியது. இருவர் இருவராகப் பத்து வரிசையில் 20 பேர் அமர்ந்து வலிப்பர். முன்னணியத்தில் ஒருவர் முரசு கொட்டுவார். பின்னணியத்தில் ஒருவர் சுக்கான் பிடிப்பார். அப்பெண்கள் முதலிற் பயிற்சிக்கூடத்தில் உடலைச் சிறிது சிறிதாக வலுப்படுத்திக்கொண்டு, பின்னர் நீரில் இறங்கினர். அவ்வாண்டுப் போட்டியிலும் கலந்துகொண்டனர். மக்கென்சி இதன் பலனை 1998இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். புதிதாக எவருக்கும் கை வீங்கவில்லை. முன்னரே வீக்கமிருந்தோருக்கும் அது மோசமடையவில்லை.

இதனிற் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஒரு பருவத்துடன் முடிந்துவிட வேண்டிய முயற்சியைக் கைவிட அப்பெண்கள் மறுத்துவிட்டனர். "அப்றெஸ்ற் இன் எ போட்" என்பது அவர்களுடைய அணியின் பெயர். "அருகருகே" என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லுக்குள் "மார்பகம்" என்னும் சொல்லும் மறைந்திருக்கிறது. மறைத்து வாழ வேண்டிய ஒன்றை வள்ளத்தின் பெயராகவே சூட்டிக்கொண்டனர். அந்த ஒரு வள்ளம் பெருகி, இன்று 30க்கு மேற்பட்ட நாடுகளில் இத்தகைய அணிகள் இருக்கின்றன. 2010இல் அவற்றுக்கென ஒரு சர்வதேச ஆணைக்குழுவும் அமைந்தது. 2018இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலும், 2023இல் நியூசீலாந்தின் கராபிரோ ஏரியிலும் உலக அணிகள் கூடின. அவற்றில் துடுப்பு வலித்தோரில் முதிய பெண்கள் பலர்.

இவ்வள்ளத்தின் அமைப்பை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. யாவரும் ஒரே திசை நோக்கி இருக்கின்றனர். "இப்ப எப்பிடி?" என்று கேட்பதற்கு அங்கே நேரமில்லை, முரசுக்கு இசையத் துடுப்பை இட வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவருடைய ஆசனம் வெறுமையாகும். அருகிருப்பவருக்கு இணையில்லாது போகும். நோயாளியாயிருந்தவள் அங்கே தேவைப்படுகிறவளாகிறாள்.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமான அனுபவமன்று. ஊர் கூடித் தேர் வடம் பிடிக்கையில், தம்மாற் தேரை இழுக்க முடியுமா என்று எவராவது தமது புயத்தை அளந்து பார்க்கின்றனரா? வடத்திற் கை வைத்ததும் அயலார் வலுவும் தம் வலுவாகிவிடுகிறது. எழுபது வயதுக் கிழவரும் இழுக்கிறார்.

நூலும் ஆளும்

வள்ளத்தின் கதை நெஞ்சுக்கு இனிதெனினும், 24 பேரைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரலாமா என்று எமது வங்கி லிகிதர் வினவினார். கணக்குப் பார்த்துப் பழகியவரின் கேள்வி. அதற்குத்தக்க விடையும் கிடைத்தது.

2009இல் அமெரிக்காவில் கத்ரின் ஷ்மிற்ஸ் என்பார் தலைமையில் வெளிவந்த ஆராய்ச்சியில், ஏற்கெனவே கை வீக்கமுள்ள 141 பெண்கள் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர் வாரத்துக்கு இரு முறை, மேற்பார்வையுடன், படிப்படியாகப் பாரம் தூக்கினர். ஒரு வருட முடிவில் அவர்களுடைய வீக்கம் மற்றையோரிலும் பார்க்க அதிகரிக்கவில்லை. வீக்கம் திடீரென மோசமாகும் தொல்லை அவர்களுக்குக் குறைந்தே காணப்பட்டது.

2025இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி எம்மிற் பெருங்குடல் நோய் கண்ட இருவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது. கெரி கூர்னியா, கிறிஸ்ரோபர் பூத் முதலிய கனடிய ஆய்வாளர் நடத்திய அதில், பெரும்பாலும் கனடாவையும் அவுஸ்திரேலியாவையும் சேர்ந்த 889 பேர் பங்குகொண்டனர். எல்லாரும் பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து, மருந்தேற்றலும் முடித்தவர்கள். உடற்பயிற்சியும் நல்லுணவும் பற்றிய நூல்கள் யாவருக்கும் கொடுக்கப்பட்டன. ஒரு பாதியினருக்கு மாத்திரம் நூலோடு ஓர் ஆளும் கொடுக்கப்பட்டார். அந்தப் பயிற்றுநர் மூன்று ஆண்டுகள் அவர்களைச் சந்தித்து, பயிற்சியை வகுத்து, விட்டவிடத்திலிருந்து மீண்டும் தொடங்கத் துணைநின்றார். அவர்களிற் பலர் தேர்ந்தது வேகமாக நடப்பதையே.

ஐந்து ஆண்டுகளின் பின் நோய் திரும்பாது இருந்தோர், நூல் மாத்திரம் பெற்றவர்களில் 73.9 வீதம், ஆளும் கிடைத்தவர்களில் 80.3 வீதம். எட்டு ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் முறையே 83.2 வீதமும் 90.3 வீதமும். நூறு பேரில் ஏழு பேர் என்பது சிறிய தொகையன்று. அந்த ஏழு பேருக்கும் வீடு உண்டு. வாசலிற் பார்த்திருப்போர் உண்டு.

இவ்வாராய்ச்சி கூட்டமாகச் செய்யும் பயிற்சியைப் பற்றியதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும், நல்லது எது என்பதை அறிவிப்பதற்கும், அதனைச் செய்விக்க ஒருவர் உடனிருப்பதற்கும் இடையிலுள்ள வேற்றுமையை அது காட்டுகிறது. நடக்க வேண்டும் என்பதை நாமும் எத்தனையோ துண்டுப்பிரசுரங்களில் வாசித்திருந்தோம். சாய்மனைக் கதிரையிற் கிடந்தபடியேதான் வாசித்தோம். மழைக்குணம் கொண்ட ஒரு விடிகாலையில் போர்வையை விலக்கி எழச் செய்வது துண்டுப்பிரசுரம் அன்று. பண்ணையில் எமக்காக எழுவர் காத்து நிற்பர் என்ற நினைவே.

எமது காலைப்பொழுது

நாம் செய்வது பெரிய வித்தையன்று. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய சர்வதேச அறிஞர் குழு 2019இல் வெளியிட்ட அறிவுரையை இயன்மருத்துவர் எமக்கு விளக்கினார். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், மூச்சுச் சற்று வாங்கும்படி நடத்தல் வேண்டும். வாரத்துக்கு இரு முறை தசைகளுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தல் நன்று. களைப்பு, மனக்கலக்கம், சோர்வு ஆகியவை இவற்றாற் குறையும் என்பது அவ்வறிஞர் முடிபு. களைத்தவன் நடந்தாற் களைப்பு நீங்கும் என்பது முதலிற் கேட்போருக்கு வேடிக்கையாகத் தோன்றும். சில வாரங்களில் உடல் அதனை ஒப்புக்கொள்ளும்.

திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் அதிகாலை ஐந்தே முக்காலுக்குப் பண்ணையிற் கூடுகிறோம். கடற்காற்று முகத்தில் வீச, இருவர் இருவராக நடக்கிறோம். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும். பாட முடியுமாயின் வேகம் போதாது என்பது எமது கணக்கு. எம்மில் மிக மெதுவாக நடப்பவரே முன்னே செல்வார். அவருக்குப் பின்னாலேயே மற்றையோர். இதனால் எவரும் பின்தங்குவதில்லை.

செவ்வாயும் சனியும் சனசமூக நிலைய விறாந்தையிற் பயிற்சி. கதிரையிலிருந்து கைபிடியாது பத்து முறை எழுந்து இருத்தல். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல். சுவரிற் கைகளை ஊன்றித் தள்ளுதல். தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல். ரீச்சர் அரை லீற்றர்ப் போத்தலுடன் தொடங்கினார். கையில் இறுக்க உறை அணிந்து, மாதந்தோறும் நாடாவால் அளந்து, இயன்மருத்துவரின் சொற்படி படிப்படியாக ஏற்றினார். இப்பொழுது ஒன்றரை லீற்றர்ப் போத்தலைத் தூக்குகிறார். அவர் முதன்முதலில் இடக்கையால் கேத்திலைத் தூக்கி எமக்குத் தேநீர் வார்த்த அன்று, அந்தத் தேநீரில் சாயம் கூடியிருந்ததை எவரும் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்ததும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கிறோம். பேச்செல்லாம் மருந்தைப் பற்றியதன்று. வெங்காய விலை, பேரப்பிள்ளையின் சோதனை, பத்திரிகைக் குறுக்கெழுத்து. யாருக்காவது பரிசோதனை முடிவு வர இருக்குமானால் மாத்திரம் அவரருகே இருப்பவர் சற்றுக் குறைவாகப் பேசுவார். அந்தப் பயத்தை விளக்க வேண்டிய தேவை எமக்குள் இல்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவையும் உண்டு. எலும்பில் நோய் பரவியவர், இரத்தம் குறைந்தவர், இருதய வருத்தமுள்ளவர், வயிற்றிற் பை பொருத்தியவர் ஆகியோர் வைத்தியரிடம் கேளாது பாரம் தூக்கலாகாது. காய்ச்சலுள்ள நாளில் வரலாகாது. புதிய நோவு ஒன்று தோன்றி நீங்காதிருந்தால், நடையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். பாதம் மரத்தவர் செருப்புடன் வராது, காலுக்கு அளவாகப் பொருந்தும் சப்பாத்துடன் வருதல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, நடை மருந்துக்கு மாற்றன்று. நடப்பவரெல்லாம் பிழைப்பர் என்றோ, இறந்தவர் நடக்காமையால் இறந்தார் என்றோ ஒருவரும் கருதற்க. அது பொய்யும் ஆகும், கொடுமையும் ஆகும்.

முதலில் இருளிலேயே வந்து, விடியுமுன் தலையில் முக்காட்டுடன் திரும்பிவிடும் அம்மையார் ஒருவர் எம்மிடையே இருந்தார். பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தனர். எம்முடன் காணப்பட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். அச்சம் வீணானதன்று, பேச்சு ஒன்று குழம்பத்தான் செய்தது. அம்மையார் பல நாள் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பேத்தியே அவரை மோட்டார் சைக்கிளிற் கொண்டுவந்து இறக்கினாள். "இதுக்காகக் குழம்பிற சம்பந்தம் குழம்பட்டும், அம்மம்மா. நீங்கள் நடவுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சூரியன் நன்றாக ஏறும்வரை அம்மையார் நடந்தார். முக்காடு தோளிற் கிடந்தது.

மணிச்சத்தம்

இத்தகைய கூட்டத்துக்கு ஒரு விலை உண்டு. அதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரை விளம்பரமாகிவிடும்.

எமது ஒன்பதாமவரை யாவரும் தையலம்மா என்றே அழைப்போம். இரண்டாம் வருடத்தில் அவருடைய நோய் சுவாசப்பையில் திரும்பியது. நடக்க இயலாது போனபின்னரும் அவர் வந்தார். மதிலில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எமக்கு நேரம் சொன்னார். "இண்டைக்கு ரண்டு நிமிசம் பிந்திப் போனியள்" என்று கண்டித்தார். அதுவும் இயலாதபொழுது, நாம் எமது பாதையை மாற்றி அவருடைய வீட்டு வாசல்வரை நடந்தோம். யன்னலருகே இருத்தப்பட்டு எம்மை எண்ணுவார். எட்டுப் பேரும் இருந்தால் தலையை அசைப்பார். ஏழு என்றால் ஆளைக் கேட்பார்.

அவர் மறைந்தபின், கமக்காரர் வரவில்லை. "ஒவ்வொருத்தராப் போறதைப் பாக்க என்னாலை ஏலாது. வீட்டிலை இருந்தால் ஒரு சாவுதான், உங்களோடை வந்தால் எட்டுச் சாவு" என்று சொல்லி அனுப்பினார். அச்சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. இரண்டு நாள் நாம் எவரும் நடக்கவில்லை. நோயின் பிடியிலிருந்து தப்பி வந்த முதியவர்கள், விலை கொடுத்துப் புதிய துக்கத்தை ஏன் வாங்க வேண்டும்?

வள்ளப் பெண்களுக்கும் இக்கேள்வி இருந்தது. அவர்களுடைய விழாக்களில், ஓட்டம் முடிந்ததும் வள்ளங்கள் ஒருங்கே நீரில் அணைந்து நிற்கும். மறைந்த தோழியரை எண்ணி இளஞ்சிவப்பு மலர்களை அவர்கள் நீரில் இடுவர். இதனைக் கேள்வியுற்ற நாமும் மூன்றாம் நாட் காலையில் நந்தியாவட்டைப் பூக்களுடன் பண்ணைக்குச் சென்று, கடலில் இட்டோம். பின்னர் நடந்தோம். அழுதுகொண்டும் 30 நிமிடம் நடக்கலாம் என்பதை அன்று அறிந்தோம்.

கமக்காரரைத் தேற்ற நாம் எவரையும் அனுப்பவில்லை. தபாலதிபர் மாத்திரம் நாள்தோறும் விடிகாலையில் பண்ணைக்கு வரும் வழியில் அவருடைய படலையடியில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு முறை மணி அடித்து, இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். உள்ளே போகமாட்டார், கூப்பிடவும்மாட்டார். நாற்பது வருடம் தபால் உத்தியோகம் பார்த்தவருக்கு, கதவு திறவாத வீடுகள் புதியன அல்ல. இருபத்திரண்டாம் நாள் படலை திறந்தது. கமக்காரர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஏன் வந்தார் என்று எவரும் கேட்கவில்லை. சில வாரங்களின் பின் தேநீர் வேளையில் அவராகவே சொன்னார்: "செத்த வீட்டுக்குப் பயந்துதான் நிண்டனான். பிறகு, மணிச்சத்தம் கேளாத ஒரு விடியல் வந்திடுமோ எண்டு கூடப் பயம் வந்திட்டுது."

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

தெல்லிப்பழையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை, மக்கள் கூடி நடந்து சேர்த்த பணத்தினால் எழுந்தது என்பதை வாசகர் பலர் அறிவர். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து அந்நிதியைத் திரட்டினர். வழிநெடுக இந்நாட்டின் பல இனத்தவரும் அந்நடையிற் சேர்ந்துகொண்டனர். வைத்தியசாலை எழுவதற்கு நடந்த நாடு, அதிலிருந்து மீண்டு வருவோருடனும் சிறிது தூரம் நடக்கலாகாதா? அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு நேரம், ஓரிடம், தவறாது வரும் மூவர், இவை போதும். சனசமூக நிலையம் இல்லாத ஊர் வடக்கில் அரிது. அதன் விறாந்தையும் நாலு கதிரையும் காலையிற் சும்மாவே கிடக்கின்றன.

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் நாம் சொல்வது இவ்வளவே. உங்கள் அன்பை நாம் அறிவோம். பழத்தைக் கொண்டுவாருங்கள், உரித்தும் தாருங்கள். அதனோடு விளக்குமாற்றையும் திருப்பித் தாருங்கள். முற்றம் கூட்டுதல், பூக்கன்றுக்கு நீர் வார்த்தல், கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருதல் ஆகிய சிறு வேலைகளை வைத்தியர் தடுக்காதவரை நீங்களும் தடுக்க வேண்டா. வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மகன், "றெஸ்ற் எடுத்தனீங்களோ?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இண்டைக்கு ஆரோடை நடந்தனீங்கள்?" என்று கேட்பானாயின், அக்கேள்விக்கு விடை சொல்வதற்காகவாவது அப்பா மறுநாள் வெளியே போவார்.

நாளை திங்கட்கிழமை. ஐந்தே முக்காலுக்கு நாம் பண்ணையில் நிற்போம். தபாலதிபர் வரும் வழியில் மூன்று படலைகளில் மணி அடிப்பார். அவருடைய பாதையில் வீடுள்ளவர் எவரேனும், அந்த வருத்தம் வந்து தேறியவர், கதவைத் திறந்து வர விரும்பினால் நான்காவது படலையிலும் நிறுத்துவதில் தமக்குச் சிரமமில்லை என்று எழுதும்படி சொன்னார், எழுதிவிட்டோம்.